ரொம் சிம்சன்: ஒரு சைக்கிள் வீரரின் இறுதி ஆயத்தம்

சித்திரைப் புத்தாண்டு பிறந்துவிட்டால் நம் நாட்டில் ஊர்தோறும் விளையாட்டு விழாக்கள் களைகட்டும். தலையணைச் சண்டையும் கயிறிழுத்தலும் ஒருபுறமிருக்க, விழாவின் காலைப்பொழுது பெரும்பாலும் சைக்கிளோட்டப் போட்டிக்கே உரியது. நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டிக் களப்பைக் கடந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் நமது வீதி மேடுபள்ளம் அதிகமில்லாதது. அவ்வீதியில் வண்டி மிதித்துப் பழகாத வாலிபர் நம்முள் மிகச் சிலரே. போட்டிக்கு முதல்நாள் மாலையில் அவர்கள் செய்யும் ஆயத்தங்களையும் நாம் அறிவோம். சங்கிலிக்கு எண்ணெய் இடுதல், சில்லின் கம்பிகளை முறுக்கி நேராக்குதல், ரயருக்குக் காற்றடித்தல், மட்காட்டைக் கழற்றி வண்டியின் பாரத்தைக் குறைத்தல், நேரத்தோடு உறங்கச் செல்லுதல் என்பனவே அவை. இவற்றோடு ஆயத்தம் முடிந்துவிடுகிறதா? இறுதி ஆயத்தம் என்பது உண்மையில் எதனைக் குறிக்கும்?

உடலின் எல்லையை அளந்து பார்க்கத் துணிந்தவர்கள் நம்மவரிடையேயும் தோன்றியுள்ளனர். வல்வெட்டித்துறை ஈன்ற ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார்; 1979 ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிட நேரம் இடைவிடாது சைக்கிளோட்டி உலக சாதனை நாட்டினார்; 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிர் துறந்தார். அவர் வரலாறு நம் இல்லங்களிற் பலகாலும் பேசப்படுவது. நாம் இங்கே கூறப்புகுவது வேறொருவரின் வரலாறு. ஆனந்தனுக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், பிரான்சு தேசத்து மலையொன்றின் சரிவிலே, சைக்கிள் வண்டியின் கைபிடியைப் பற்றியவாறே சரிந்து மாண்ட ரொம் சிம்சன் என்னும் ஆங்கிலேயரின் வரலாறே அது. மேலே எழுப்பிய வினாவுக்கு அவருடைய வாழ்விலும் சாவிலும் விடை உண்டு என்பது நமது எண்ணம்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

சிம்சன் 1937 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்திலுள்ள ஹஸ்வெல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளுள் இவரே கடைக்குட்டி. பின்னர் அக்குடும்பம் பிழைப்பின் பொருட்டு ஹார்வேர்த் என்னும் மற்றொரு சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் ரொம், உறவினர் ஒருவரின் வண்டியில் ஏறி மிதிக்கக் கற்றான். மளிகைச் சாமான்களை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுக்கும் வேலையைச் செய்து, நல்ல வண்டிக்கு வழி தேடிக்கொண்டான். பதின்மூன்றாம் வயதில் உள்ளூர்ச் சைக்கிள் கழகத்திற் சேர்ந்தபொழுது, அங்கிருந்த பெரியவர்கள் அந்த மெலிந்த பையனைப் பார்த்து நகைத்தனர். தன்னிலும் மூத்த வீரர்களுக்குக் கடிதம் எழுதிப் பயிற்சி முறைகளைக் கேட்டறிவது அவனுடைய வழக்கம். கேட்டதை அப்படியே செய்து பார்ப்பான். தவறினால் மறுபடியும் எழுதிக் கேட்பான்.

இவ்விதம் வளர்ந்தவர், 1956 ஆம் ஆண்டு மெல்பேர்ண் நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில், பத்தொன்பதே வயதில், தம் நாட்டுக் குழுவினருடன் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1958 இல் காடிப் நகரில் நடைபெற்ற பொதுநலவாய நாடுகளின் விளையாட்டிலே வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தங்கம் தவறியது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கினால்! கண்ணிமைக்கும் நேரத்திலும் எத்தனையோ மடங்கு குறைந்த அந்த நேரம் அவர் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை, ஓரங்குலத்தாற் பரிசை இழந்தவர்கள் அறிவார்கள்.

கடல் கடந்த துணிவு

அந்நாளில் வீதிச் சைக்கிளோட்டத்தின் தாயகம் பிரான்சும் பெல்ஜியமும் இத்தாலியுமாகும். ஆங்கிலேயர் அத்துறையில் பின்தங்கியிருந்தனர். 1959 ஆம் ஆண்டு, இருபத்தொரு வயது வாலிபராகிய சிம்சன், நூறு பவுண் பணத்தோடும் இரண்டு சைக்கிள் வண்டிகளோடும் கப்பலேறிப் பிரான்சின் பிரித்தானி மாகாணத்துக்குச் சென்றார். அந்நாட்டு மொழி தெரியாது. உற்றார் உறவினர் இல்லை. போட்டிகளில் வெல்லும் பரிசுப் பணமே அன்றாட உணவுக்கு ஆதாரம். வென்றால் உண்டு; தோற்றால் இல்லை. அங்கே வேலை பார்த்துவந்த ஹெலன் என்னும் ஆங்கிலப் பெண்ணைச் சந்தித்து 1961 ஆம் ஆண்டில் மணம் புரிந்தார். பின்னர் பெல்ஜியத்தின் கெந்து நகரில் இல்லறம் அமைந்தது; இரண்டு பெண்மக்கள் பிறந்தனர்.

வெற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1961 இல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் போட்டியில் முதலிடம். 1962 இல், உலகின் தலையாய வீதிச் சைக்கிளோட்டமாகிய தூர் த பிரான்ஸ் போட்டியிலே, அனைவரிலும் முன்னிற்பவர் அணியும் மஞ்சட் சட்டையை ஒரு நாள் அணிந்தார். அச்சட்டையை அணிந்த முதலாவது பிரித்தானியர் அவரே. அவ்வாண்டு ஆறாவது இடம் பெற்றார். 1963 இல், ஐந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட போர்தோ–பாரிஸ் போட்டியை வென்றார். 1964 இல் மிலான்–சன் ரெமோ போட்டியும் அவர் வசமாயிற்று. 1965 செப்டெம்பரில் ஸ்பெயின் நாட்டின் சன் செபஸ்தியன் நகருக்கு அருகே நடந்த உலக வீரர் போட்டியில், ஜெர்மானியராகிய ரூடி அல்திக்கை இறுதிப் பாய்ச்சலில் முந்தி, வானவிற் கோடுகள் தீட்டிய வெற்றிச் சட்டையை அணிந்தார். அவ்வாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராகப் பிரித்தானிய மக்கள் அவரைத் தெரிவு செய்தனர். சுரங்கத் தொழிலாளியின் கடைக்குட்டி உலகத்தின் உச்சியில் நின்றான்.

ஏறியவன் இறங்கும் காலமும் உண்டல்லவா? 1966 ஜனவரியில் பனிச்சறுக்கு விளையாட்டின்போது காலெலும்பு முறிந்தது. அவ்வாண்டுத் தூர் போட்டியில் கலிபியே மலையிலிருந்து இறங்குகையில் விழுந்து கையிற் காயமடைந்து, போட்டியை விட்டு நீங்க நேர்ந்தது. உலக வீரர் என்ற பெயர் இருக்க, கைக்கு வரவேண்டிய பொருள் வராமற் போயிற்று. வீதி வீரர்களின் வருமானம் பெரும்பாலும் தூர் போட்டி முடிந்தபின் ஊர்தோறும் நடக்கும் சிறு போட்டிகளுக்கான ஒப்பந்தங்களிலிருந்தே வந்தது. தூரில் முன்னணியில் நின்றவருக்கே அவ்வொப்பந்தங்கள் கைகூடும். வயதோ முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1967: எல்லா ஆயத்தமும் நிறைவேறின

ஆகவே 1967 ஆம் ஆண்டுத் தூர் போட்டியைத் தமது வாழ்வின் தேர்வாகச் சிம்சன் கருதினார். அதற்கு அவர் செய்த ஆயத்தங்கள் எந்த வாலிபனும் கண்டு பின்பற்றத்தக்கவை. உணவு விடயத்தில் அவர் மிகுந்த கவனமுடையவர். பழங்கள், காய்கறிகள் ஆகியவற்றின் பயனை நூல்கள் வாயிலாகக் கற்று, குளிர்காலத்திலே காரற் கிழங்கைக் கிலோக் கணக்கில் உட்கொண்டவர். இருக்கையின் அமைப்பு முதல் வண்டியின் நுணுக்கங்கள் யாவற்றையும் தாமே ஆராய்ந்து திருத்துபவர். மார்ச் மாதத்தில் பாரிஸ்–நீஸ் போட்டியை வென்றார். பிற்காலத்தில் உலகையே வியக்கவைத்த எடி மேர்க்ஸ் அப்போட்டியில் அவருடைய குழுவைச் சேர்ந்த இளைஞர். பின்பு ஸ்பெயின் நாட்டைச் சுற்றும் போட்டியில் இரண்டு நாட்களின் ஓட்டங்களை வென்றார். உடல் ஆயத்தம் குறைவற நிறைவேறியது.

திட்டமும் தெளிவாகவே வகுக்கப்பட்டது. தூர் போட்டி ஜூன் 29 ஆம் திகதி அங்ஜே நகரில் தொடங்கி ஜூலை 23 ஆம் திகதி பாரிசில் முடிவது. ஏறக்குறைய 4,780 கிலோமீற்றர். நமது இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதையும் மூன்று முறை சுற்றிவந்தாலும் அத்தூரத்தை எட்ட முடியாது. இத்தனை தூரத்தையும் முழுப் பலத்தோடு ஓட எவராலும் இயலாது என்பதைச் சிம்சன் அறிவார். எனவே மலைகள் வரும்வரை பலத்தைச் சேமித்து, மூன்று முக்கியமான நாட்களில் மட்டும் முழு மூச்சுடன் முயல்வது என்று தீர்மானித்தார். அம்மூன்று நாட்களில் ஒன்று ஜூலை 13: மார்செய் நகரிலிருந்து வந்தூ மலையைக் கடந்து கார்ப்பந்திராஸ் நகரை அடையும் 211 கிலோமீற்றர் ஓட்டம்.

அந்நாள் நெருங்குகையில் அல்ப்ஸ் மலைப்பகுதியில் அவருக்கு வயிற்றோட்டம் கண்டது. உண்டது உடலில் தங்கவில்லை. ஆயினும் ஏழாவது இடத்தை அவர் இழக்கவில்லை. சுமார் நூற்று முப்பது வீரர் புறப்பட்ட போட்டியில், நோயோடு ஏழாவதாக நிற்பது எளிய செயலன்று. வேறொரு தொழிலில் இருந்தவர் அன்று படுக்கையில் கிடந்திருப்பார். அவர் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் வண்டியேறினார்.

இங்கேதான் நாம் நின்று நோக்கவேண்டும். உணவு, வண்டி, பயிற்சி, திட்டம், மனவுறுதி ஆகிய எல்லாம் இருந்தன. இவற்றோடு மற்றொரு பொருளும் அவருடைய ஆயத்தத்திற் சேர்ந்திருந்தது. சட்டையின் பின்பைக்குள் சிறு குழாய்களில் அம்பெற்றமின் என்னும் ஊக்க மருந்து இருந்தது. அக்காலத்து ஓட்ட வீரர் பலர் அதனைப் பயன்படுத்தினர் என்பது மறைபொருளன்று. பிரான்சு அரசாங்கம் 1965 ஆம் ஆண்டிலேயே அதனைத் தடைசெய்து சட்டமியற்றியது. 1966 ஆம் ஆண்டுத் தூரில் வைத்தியர்கள் முதன்முறையாகச் சோதனை நடத்தியபொழுது, வீரர்கள் வண்டியை விட்டிறங்கி எதிர்ப்புக் காட்டினர். களைப்பை மறக்கச் செய்யும் மருந்தை, களைப்பே தொழிலாகக் கொண்டவர்கள் விடமுடியாதிருந்தனர்.

வந்தூ மலை

வந்தூ மலையின் உயரம் ஏறக்குறைய 1,910 மீற்றர். அடிவாரத்திலுள்ள பெதுவாம் என்னும் ஊரிலிருந்து சிகரம் வரை 21 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான ஏற்றம். நூறு மீற்றர் முன்னே சென்றால் ஏழரை மீற்றர் மேலே ஏறவேண்டும். நமது வீதியிலுள்ள பாலமொன்றின் ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடை கடுப்பதை நாம் அறிவோம். அவ்வேற்றம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓயாது தொடர்வதாகக் கற்பனை செய்துகொள்க. மேற்பகுதியில் மரமில்லை, நிழலில்லை. வெண்ணிறச் சுண்ணாம்புக் கல் வெயிலை வாங்கித் திருப்பி எறிந்துகொண்டிருக்கும். அன்றைய வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்திருந்தது. போட்டியின் வைத்தியராகிய பியேர் துமா, இந்த வெக்கையில் எவரேனும் மருந்தை உட்கொண்டால் மரணம் நேரலாம் என்று அன்று காலையிலேயே அஞ்சினார்.

உடலின் இயல்பைச் சிறிது விளக்குவது இங்கே பொருந்தும். நாம் வண்டி மிதிக்கும்போது உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய காற்பங்கே அசைவாக மாறுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பம். அவ்வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை. வியர்வைக்கு வேண்டியது நீர். சமதரையில் விரைந்து செல்பவனை எதிர்க்காற்று குளிர்விக்கும். மலையில் மெல்ல ஏறுபவனுக்கு அக்காற்றும் இல்லை. வயிற்றோட்டத்தால் நீரிழந்த உடலில் வியர்வைக்கு வேண்டிய நீரும் குறைவு. இந்நிலையிலே களைப்பு என்னும் காவலாளி வந்து, போதும் நில் என்று சொல்லவேண்டும். அம்பெற்றமின் செய்வது அக்காவலாளியின் வாயைக் கட்டுவதே. அது புதிய பலம் எதனையும் தருவதில்லை. உடல் தன் இறுதித் தேவைக்கென ஒதுக்கி வைத்திருக்கும் இருப்பை எடுத்துச் செலவிட அனுமதிக்கிறது. உடலின் சூட்டையும் ஏற்றுகிறது.

அந்நாளில் வீரர்கள் ஓடும்பொழுது பெறக்கூடிய நீருக்கு விதிமுறைக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் வழியிலுள்ள கடைகளுக்குள் வீரர்கள் பாய்ந்து, கையில் அகப்பட்ட பானத்தை எடுத்துச் செல்வது வழக்கமாயிருந்தது. மலையடிவாரத்துக் கடையொன்றில் சிம்சன் அவ்வாறு அருந்தியது பிராந்தி என்பர். தாகத்துக்கு மது மருந்தாகுமா? அது உடலிலிருந்த நீரையும் வெளியேற்றுவது.

ஏற்றம் தொடங்கியதும் சிறிது நேரம் முன்னணியினருடன் சென்றார். பின்னர் மெல்லப் பின்தங்கினார். சிகரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவருடைய வண்டி வீதியின் இருமருங்கும் தள்ளாடத் தொடங்கியது, பின் விழுந்தார். குழுவின் வண்டி திருத்துநராகிய ஹரி ஹோல் ஓடிவந்து, இத்தோடு நிறுத்திவிடும்படி வேண்டினார். சிம்சன் இணங்கவில்லை, தம்மை மீண்டும் வண்டியில் ஏற்றும்படி கேட்டார். ஏற்றிவிட்டனர். மேலும் சில நூறு மீற்றர் சென்றார். மறுபடியும் சரிந்தார். நினைவற்ற நிலையிலும் விரல்கள் கைபிடியை விடவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. வைத்தியர் துமா வீதியோரத்திலேயே மூச்சூட்டி உயிர்ப்பிக்க முயன்றார். ஹெலிகொப்டரில் அவிஞ்ஞோன் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். அன்று மாலை 5.40 மணிக்கு அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வயது இருபத்தொன்பது.

அவருடைய சட்டைப் பையில் மருந்துக் குழாய்கள் மூன்று காணப்பட்டன, இரண்டு வெறுமையாயிருந்தன. உடற்பரிசோதனையில் அம்பெற்றமினும் மதுவும் இருந்தமை தெரியவந்தது. வெப்பமும் களைப்பும் நீரிழப்பும் இவையும் ஒன்றுசேர்ந்து இதயத்தை நிறுத்தின.

மறுநாள் ஓட்டத்தில் ஏனைய நாட்டு வீரர்கள் பிரித்தானியருக்கு வழிவிட்டனர். சிம்சனின் நண்பராகிய பரி ஹோபன் தனியாக முதலாவதாக எல்லையைக் கடந்தார். ஹார்வேர்த் ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1968 இல் அவர் விழுந்த இடத்தருகே கல்லினால் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மலையேறும் சைக்கிளோட்டிகள் அங்கே இறங்கி நின்று, தம் தொப்பியையோ நீர்ப்போத்தலையோ அதன் அடியில் வைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவருடைய மரணத்தின் பின்னர் மருந்துச் சோதனை விளையாட்டுலகெங்கும் வேரூன்றியது. 1968 ஆம் ஆண்டுத் தூரில் நாள்தோறும் சோதனை நடத்தப்பட்டது. 1999 இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அமைந்தது. நம் இலங்கையும் 2013 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

நாம் கொள்ளவேண்டியது

சிம்சனைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. அவருடைய உழைப்பிற் பாதியேனும் நம்மிடம் இருப்பின் நாம் எவ்வளவோ முன்னேறியிருப்போம். அவர் சோம்பேறியல்லர், குறுக்கு வழியால் மட்டும் வென்றவருமல்லர். பிள்ளைகளை வளர்க்கவும், இறங்கிய துறையில் நிலைபெறவும், தம் நாட்டின் பெயரைக் காக்கவும் எண்ணியே மலையேறினார். நோக்கம் உயர்ந்ததாயிருப்பின் வழி எத்தகையதாயினும் ஆகுக என்று உள்ளம் சொல்லும் சமயங்கள் நமக்கும் வருவதுண்டு. அவர் வாழ்வு நம்மை உறுத்துவது அதனாலேயே.

மருந்து தீயது என்பதை எல்லோரும் சொல்வர். நாம் அதற்கு மேலும் ஒன்று கூற விரும்புகிறோம். சிம்சனின் ஆயத்தத்தில் எங்கே செல்வது, எப்படிச் செல்வது, எந்நாளில் முயல்வது என்பனவெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன. எப்பொழுது நிறுத்துவது என்பது மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. உடல் தானே அதனைச் சொல்லியிருக்கும். அதன் குரலை மருந்து அடைத்தது. அருகிலிருந்த மனிதர் சொன்னார்; சொல்ல அவருக்கு அன்பு இருந்தது, மறிக்க அதிகாரம் இருக்கவில்லை. விழுந்தவரின் வேண்டுகோளே கட்டளையாயிற்று. தன் நினைவு தன் வசமில்லாதவன் இடும் கட்டளைக்கு எல்லோரும் கீழ்ப்படிந்தனர்.

நம் ஊர்ப் போட்டிகளில் அம்பெற்றமின் இல்லாதிருக்கலாம். ஆனால் சித்திரை வெயில் உண்டு. முதல்நாள் காய்ச்சலை மறைத்து வண்டியேறும் தம்பி உண்டு. சக்தி தரும் என்று யாரோ கொடுத்ததை என்னவென்று கேளாமற் குடிப்பவர் உண்டு. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து, விடாதே, மிதி என்று கூவும் அண்ணன்மாரும் மாமன்மாரும் உண்டு. அக்கூவலும் ஒருவகை மருந்தே. களைப்பை மறக்கச் செய்யும் ஆற்றல் அதற்கும் இருக்கிறது. ஆகவே அதனை அளவறிந்து கொடுக்கவேண்டும்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. இனிமேல் நமது வாலிபர் ஒருவர் போட்டிக்கு ஆயத்தமாகும்போது, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு முடிந்த பின், மற்றொரு காரியமும் செய்து முடிக்கப்படட்டும். வழியில் உடல்நிலை தவறினால் வண்டியை மறித்து நிறுத்தும் உரிமை யாருக்கு என்பதை முதல்நாள் மாலையிலேயே பேசித் தீர்மானிக்கட்டும். அவர் தந்தையாராயினும், ஆசிரியராயினும், தோழனாயினும் ஆகுக. நிறுத்து என்று அவர் சொன்னால் மறுவார்த்தை பேசாது இறங்குவேன் என்று வீரன் வாக்களிக்கட்டும். அவ்வாக்கு பெற்ற மூத்தவரும், பரிசு கைநழுவிப் போகிறதே என்ற எண்ணத்தால் வாய் மூடி நில்லாதிருக்கட்டும். நீரும் நிழலும் வீதியில் எங்கெங்கே கிடைக்கும் என்பதை இருவரும் அன்றே குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

தோற்றவன் அடுத்த சித்திரையில் மறுபடியும் வண்டியேறலாம். ஏழாவது இடத்திலிருந்த சிம்சன் அன்று மலைச்சரிவில் இறங்கி ஒரு மரநிழலில் அமர்ந்திருந்தால், அவ்வாண்டுப் போட்டி போயிருக்கும். ஹெலனுக்குக் கணவரும் இரண்டு சிறுமிகளுக்குத் தந்தையும் இருந்திருப்பர். நமது வீதியில் மிதிக்கப்போகும் தம்பிமார் இதனை நினைவிற் கொள்வார்களாக; அவர்களை வழியனுப்பும் மூத்தோர் அதனினும் அதிகமாக நினைவிற் கொள்வார்களாக.